சுன் லீயிலிருந்து தொடங்குங்கள்: சீனத் தொடர்களுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீனத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மலைத்து நிற்பது எண்ணிக்கையைக் கண்டுதான். ஒரு தொடர் 76 பகுதி, இன்னொன்று 81 பகுதி. பாத்திரங்களின் பெயர்களோ எல்லாம் ஒன்றுபோலவே காதில் விழும். யாரோ நல்லா இருக்கும் என்று சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் பகுதிக்குள் யார் யாருடைய அண்ணன் என்று புரியாமல் நிறுத்திவிடுவார்கள். இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு தொடரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் ஒரு நடிகையைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே போவது. தெரிந்த முகம் ஒன்று திரையில் இருந்தால், தெரியாத ஊரும் காலமும் அவ்வளவாக மிரட்டுவதில்லை.

அதற்கு நான் கை காட்டுவது சுன் லீயை. ஷாங்காயில் 1982 செப்டம்பர் 26 அன்று பிறந்தவர். 2003இல் முதல் பெரிய தொடர் வந்ததிலிருந்து இன்றுவரை சீனத் தொலைக்காட்சியின் முதல் வரிசையில் இருக்கிறார். அரண்மனைக் கதை, வணிகக் குடும்பக் கதை, போலீஸ் கதை, அலுவலகக் கதை என்று எல்லா வகையும் அவரிடம் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அவர் ஏற்கும் பெண்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையைக் கற்றுக்கொள்கிறவர்கள். ஒன்றுமே தெரியாமல் உள்ளே வந்து, அடிபட்டு, கவனித்து, கடைசியில் அந்த வேலையில் எல்லோரையும் மிஞ்சுகிறவர்கள். ஒரு பெண் ஒரு தொழிலைக் கற்கிற கதை என்று வைத்துக்கொண்டால் அவருடைய எந்தத் தொடரையும் பிடித்துக்கொண்டு போய்விடலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பிடியை வைத்துத்தான் வழி சொல்லப்போகிறேன்.

முதல் படி: சரியான ஆளைத் தேடுங்கள்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். இங்கே 'சுன்' குடும்பப் பெயர், 'லீ' அவருடைய பெயர். இணையத்தில் ஆங்கில எழுத்தில் தேடினால் அதே ஒலிப்பில் இன்னொரு நடிகையும் வருவார். அவர் நடிகர் ஹுவாங் லெய்யின் மனைவி. சீன எழுத்தில் இருவர் பெயருக்கும் கடைசி எழுத்து வேறு, ஆங்கில எழுத்தில் எழுதும்போது அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. விக்கிப்பீடியா பக்கத்திலிருந்து சீன எழுத்துப் பெயரை நகலெடுத்து, அதையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தொடர்களின் பெயருக்கும் இதையே செய்யுங்கள். ஒரே தொடருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பெயர்கள் புழங்கும், சீனப் பெயர் ஒன்றுதான்.

யூடியூபில் தயாரிப்பு நிறுவனங்களும் தளங்களும் நடத்தும் அதிகாரபூர்வ சேனல்களிலேயே பல தொடர்கள் ஆங்கில சப்டைட்டிலுடன் முழுதாகக் கிடைக்கும். விக்கி (Viki), ஐச்சீயீ (iQIYI), வீடிவி (WeTV) போன்ற செயலிகளிலும் பாருங்கள். எந்த நாட்டில் எது திறக்கும் என்பது உரிமத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். வேறு மொழியில் டப் செய்தது கிடைத்தாலும் சீன ஒலியிலேயே பாருங்கள். பத்துப் பகுதிக்குள் காது பழகிவிடும். யார் மரியாதையாகப் பேசுகிறார்கள், யார் குத்திப் பேசுகிறார்கள் என்பது சப்டைட்டிலைப் படிக்கும் முன்பே பிடிபட ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: வேகத்தை முடிவு செய்யுங்கள்

சீனத் தொடர் நம் ஊர் மெகா சீரியல் மாதிரி ஓடிக்கொண்டே எழுதப்படுவதில்லை. முழுவதும் படமாக்கி, தொகுத்து, அரசின் ஒளிபரப்பு நிர்வாகத்திடம் அனுமதி எண் வாங்கிய பிறகே முதல் பகுதி வெளிவரும். ஆகவே டிஆர்பி குறைந்தால் கதாநாயகிக்கு நினைவு தப்பிப்போவது போன்ற திடீர்த் திருப்பங்கள் இருக்காது. தொடக்கமும் முடிவும் எழுத்தாளருக்குத் தெரிந்தே இருக்கும். மூன்றாம் பகுதியில் சும்மா வைத்த ஒரு வாசனைப் பொடி அறுபதாம் பகுதியில் கொலைக் கருவியாக வந்து நிற்கும்.

ஒரு பகுதி சுமார் 45 நிமிடம். 76 பகுதி என்றால் 57 மணி நேரம். சீனாவின் செயற்கைக்கோள் சேனல்களில் மாலை நேரத்தில் ஒரு தொடரை நாளுக்கு இரண்டு பகுதியாகப் போடுவது வழக்கம். அந்தக் கணக்கிலேயே நீங்களும் போனால் 38 மாலைகளில் முடிந்துவிடும். ஒரே வார இறுதியில் இருபது பகுதி பார்க்க வேண்டாம் என்பேன். இந்தத் தொடர்கள் மெல்லக் கசியவிடும் விஷயங்களை மனம் அசைபோட இடைவெளி வேண்டும். வேகத்தைக் கூட்டி ஓட்டுவதும் வேண்டாம். சுன் லீயின் நடிப்பு இருப்பதே நிறுத்தங்களில்தான்.

மூன்றாம் படி: ஜோ யிங்கோடு தொடங்குங்கள்

பலரும் நேராக அரண்மனைக் கதைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் 2017இல் வந்த 'நத்திங் கோல்ட் கேன் ஸ்டே' என்ற தொடரில் தொடங்கச் சொல்கிறேன். 74 பகுதி. சிங் வம்சத்தின் கடைசிக் காலம், வடமேற்கே ஷான்ஷி மாகாணத்தில் ஜிங்யாங். தெருவில் வித்தை காட்டி, சின்னச் சின்ன ஏமாற்று வேலை செய்து பிழைக்கும் வளர்ப்புத் தந்தையோடு திரிகிற பெண் ஜோ யிங். அவர் அவளை ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக விற்றுவிடுகிறார். அங்கிருந்து தப்பி வூ என்ற வணிகக் குடும்பத்துக்குள் வந்து சேர்கிறாள். அந்த வீட்டு மகனையே மணக்கிறாள், சீக்கிரமே விதவையாகிறாள், பிறகு அந்தக் குடும்பத்தின் வணிகம் முழுவதும் அவள் தோளில் விழுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த முன்னறிவும் வேண்டாம். பெரிய கூட்டுக்குடும்பம், மருமகளுக்கு என்ன தெரியும் என்று உறுமும் பெரியவர்கள், பங்காளிகளின் பேச்சு, கணக்குப்பிள்ளைகளின் தயக்கம், விதவை முற்றத்தைத் தாண்டலாமா கூடாதா என்ற கேள்வி. நம் பாட்டிமார் சொன்ன வீட்டுக் கதைகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. நாடு புதிது, வீடு பழகியது.

ஜோ யிங் உண்மையில் வாழ்ந்தவர். ஜிங்யாங் பக்கத்து அன்வு என்ற ஊரின் வூ குடும்பத்து விதவை. எட்டு அந்நிய நாடுகளின் படைகள் 1900இல் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது பேரரசி சிஷி அதே ஷான்ஷியின் ஷிஆன் நகரத்துக்குத் தப்பி வந்தார். அப்போது வெள்ளி கொடுத்து உதவிய வணிகர்களில் இவரும் ஒருவர். தொடர் இந்த வாழ்க்கையைச் சட்டகமாக எடுத்துக்கொண்டு, காதலும் பழிவாங்கலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. வரலாற்றுப் பாடமாக நினைக்க வேண்டியதில்லை.

இதில் எதைக் கவனிப்பது? முதல் சில பகுதிகளில் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். வாய் நிறைய, யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பது போல. நடையும் அப்படித்தான், கைகளை வீசிக்கொண்டு, தோளை ஆட்டிக்கொண்டு, தெருவை முழுசாக எடுத்துக்கொண்டு நடப்பார். வூ வீட்டில் தொழில் பழகும் பையன்களோடு உட்கார்ந்து கணக்கும் சரக்கும் கற்கும்போது அந்தத் தெருக் குறும்பு அப்படியே இருக்கும். கணவர் போன பிறகு அதே உடம்பு வேறாகிறது. கைகள் ஒடுங்குகின்றன, பேச்சுக்கு முன் ஒரு நொடி தாமதம் வருகிறது. பேரம் பேசும் காட்சிகளில் மட்டும் பழைய தெருப்பெண் கண்ணில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். பத்தாம் பகுதியையும் அறுபதாம் பகுதியையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு நடிகைகள் என்றே சொல்லத் தோன்றும்.

பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லன்களின் சதி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: இப்போது அரண்மனைக்குள் போங்கள்

அவரை அவராக்கிய தொடர் இதுதான். 2011இல் முதலில் உள்ளூர்ச் சேனல்களில் வந்து, 2012இல் செயற்கைக்கோள் சேனல்களில் நாடு முழுக்கப் பரவியது. ஆங்கிலத்தில் 'எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்' என்று தேடுங்கள். 76 பகுதி, இயக்குநர் ஜெங் ஷியாவ்லுங். இதற்கு மூலமான, லியு லியன்ஸி இணையத்தில் எழுதிய நாவல் கற்பனை வம்சம் ஒன்றில் நடக்கும். தொடருக்காக அதைச் சிங் வம்சத்துப் பேரரசர் யோங்ஜெங்கின் காலத்துக்கு, அதாவது 1722 முதல் 1735 வரையான ஆட்சிக்கு, நகர்த்தினார்கள். இந்த மாற்றம் கதைக்குப் பெரிய பலம். நாற்காலியிலிருந்து நாணயம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு காலம் கிடைத்துவிட்டது.

ஜென் ஹுவான் என்ற 17 வயதுப் பெண் அரண்மனைக்கு ஆசைநாயகியாகத் தேர்வாகிறாள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. உள்ளே நூற்றுக்கணக்கான பெண்கள், ஒரே ஆண், வெளியே போக வழி கிடையாது. இங்கே அவள் கற்க வேண்டிய தொழில், உயிரோடு இருப்பது.

இங்கே ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இது இல்லாமல் பலர் பத்தாம் பகுதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரே பெண்ணை நாலு பெயரில் கூப்பிடுவார்கள்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பேரரசர் கொடுத்த சிறப்புப் பெயர், அதோடு பதவி. பதவி உயர்ந்தால் கூப்பிடும் பெயரும் மாறிவிடும். பதவிகளைக் கீழிருந்து மேலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாயிங், சாங்ஸாய், குய்ரென், பின், ஃபெய், குய்ஃபெய், ஹுவாங் குய்ஃபெய், எல்லோருக்கும் மேலே ஹுவாங்ஹோ என்ற பேரரசி. ஜென் ஹுவான் சாங்ஸாய் ஆக நுழைகிறாள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் அவள் ஏறியதையும் இறங்கியதையும் குறித்துக்கொண்டே போனால், யார் யாருக்கு முன் மண்டியிடுகிறார்கள், யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரியும். அந்த அரண்மனையில் சண்டை நடப்பதே அந்த வரிசையை வைத்துத்தான்.

நினைவில் வைக்க வேண்டிய முகங்கள் முதலில் ஐந்தே ஐந்து. கூடவே நுழையும் தோழிகள் ஷென் மெய்ஜுவாங், ஆன் லிங்ரோங். கர்வமும் அழகும் ஒன்றாக வரும் ஹுவா ஃபெய், ஜியாங் ஷின் நடித்தது. அடக்கமாகப் பேசும் பேரரசி, ஹாங்காங் நடிகை அடா சோய். பேரரசராக சென் ஜியான்பின். மற்றவர்கள் போகப் போகப் பழகுவார்கள்.

உடையையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். சிங் அரண்மனைப் பெண்களின் காலணிக்கு நடுவில் மட்டும் உயரமான கட்டை இருக்கும், முன்னும் பின்னும் அந்தரத்தில் நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு வேகமாகவும் நடக்க முடியாது, குனிந்தும் நடக்க முடியாது. தலையில் பூவும் நகையுமாக அகன்ற அலங்காரம், கழுத்தைச் சட்டென்று திருப்பவும் முடியாது. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் நீண்ட நகக் கவசம், எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. இவ்வளவு கட்டுக்குள் ஒரு நடிகைக்கு மிச்சம் இருப்பது கண்ணும் வாயோரமும்தான். சுன் லீ சிறு வயதிலிருந்தே நடனம் கற்றவர் என்பது இங்கே கைகொடுக்கிறது. முதுகு நேராக இருக்கும், நடை தடுமாறாது. ஆரம்பத்தில் அந்தக் காலணியில் அவள் கொஞ்சம் துள்ளலாக வருவாள். பாதியைத் தாண்டியதும் அரண்மனையை விட்டுக் கோயிலுக்குப் போய், பிறகு புதிய பட்டத்தோடு திரும்பி வருகிறாள். அந்தத் திரும்பும் நாளில் கனத்த உடையில் இறங்கி, ஒருவர் கையைத் தாங்கலாகப் பிடித்து நடந்து வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புருவம் கூர்மையாகியிருக்கும், உதட்டுச் சாயம் அடர்ந்திருக்கும். கண்ணை மட்டும் எதிரில் இருப்பவர் மேல் வைக்கவே மாட்டாள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவளின் நடை அது.

எதிராளி பேசும்போது சுன் லீயின் முகத்தைக் கவனியுங்கள் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஜென் ஹுவான் பேசும்போது சொல்வது பாதி பொய். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பொய் சொல்ல முடியாத ஒரு கணம் வரும். ஒரு பெயர் காதில் விழுந்ததும் இமை ஒரு முறை தாழும், அவ்வளவுதான். பேரரசர் தன்னில் தேடியது வேறொரு பெண்ணின் சாயலை என்று அவளுக்குத் தெரியவரும் இடத்தில் அந்த இமைகூட அசையாது. அந்த இடத்தை எந்தப் பகுதி என்று சொல்லாமலே விடுகிறேன், முன்கூட்டித் தெரியாமல் பார்ப்பதுதான் நல்லது. இதே காரணத்துக்காகக் கருத்துப் பகுதிகளைப் படிக்காமல் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக மனப்பாடமாகப் பார்ப்பவர்கள் கூடும் தொடர் இது. யார் செத்தார், யார் கொன்றார் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள்.

இந்த நடிப்புக்குத்தான் 2013இல் சர்வதேச எம்மி விருதுக்குச் சிறந்த நடிகைப் பிரிவில் அவர் பெயர் பரிந்துரையானது. சீன ரசிகர்கள் மதிப்பெண் போடும் டௌபான் தளத்தில் 10க்கு 9ஐத் தாண்டிய தொடர்களில் இதுவும் ஒன்று.

இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்காவில் 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த சுருக்கம் ஒன்று உண்டு, 76 பகுதியை 6 படங்களாக வெட்டியது. அதைத் தொடாதீர்கள். இந்தத் தொடரின் உயிர் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது, வெட்டியதில் கதை மட்டும் மிஞ்சும். இன்னொன்று, 2018இல் வந்த ருயியின் கதை இதன் தொடர்ச்சி. எழுத்தாளர் அதே லியு லியன்ஸிதான், ஆனால் நாயகி ஜோ ஷுன். முதிய ஜென் ஹுவானாக அதில் வருபவர் விவியன் வூ. சுன் லீயைத் தேடி அங்கே போக வேண்டாம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை

ஜென் ஹுவானின் குரல் சுன் லீயுடையது இல்லை. டப்பிங் கலைஞர் ஜி குவான்லின் பேசியது. சிலர் இதைக் கேட்டதும் ஏமாற்றமடைகிறார்கள். நமக்கு இது புதிய செய்தியே இல்லை. எத்தனை தமிழ்ப்பட நாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அந்த நடிப்பு குறைந்தா போயிற்று?

சீனாவில் இதற்குக் காரணங்கள் உண்டு. அரண்மனைக் காட்சிகள் ஜெஜியாங் மாகாணத்து ஹெங்டியன் படப்பிடிப்பு நகரத்தில் எடுக்கப்பட்டவை. பெய்ஜிங் அரண்மனையின் பெரிய நகல் அங்கே இருக்கிறது. ஒரே நேரத்தில் பல குழுக்கள் அக்கம்பக்கத்தில் படம் பிடிக்கும், சத்தம் அடங்காது. ஹாங்காங், தைவான், வடக்கு, தெற்கு என்று நடிகர்களின் உச்சரிப்பும் வேறு வேறு. எல்லோரும் ஒரே அரண்மனை மொழி பேசுவதாகத் தோன்ற வேண்டுமென்றால் குரலைப் பிறகு ஒட்டுவது சுலபம். சுன் லீ நடித்த, பின்னால் ஏழாம் படியில் வரும் 'மி யுவே' தொடரிலும் ஜி குவான்லின்தான் பேசினார். ஆகவே அவருடைய பெயரையும் நினைவில் வையுங்கள். ஜென் ஹுவான் இரண்டு கலைஞர்கள் சேர்ந்து செய்த பெண்.

ஐந்தாம் படி: பின்னோக்கிப் போய் ஆரம்பத்தைப் பாருங்கள்

இரண்டு பெரிய தொடர்கள் முடிந்த பிறகு சுன் லீயின் வாழ்க்கைக்கு வாருங்கள். இப்போதுதான் அது சுவைக்கும்.

அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாதான் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்து வளர்த்தார். சின்ன வயதிலிருந்தே நடனப் பயிற்சி, பிறகு ஷாங்காய் ராணுவக் காவற்படையின் கலைக்குழுவில் நடனக்காரி. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நடத்திய புதுமுகத் தேர்வுப் போட்டியில் 2001இல் கலந்துகொண்டார். அங்கிருந்து கண்ணில் பட்டு, ஹைருன் என்ற தயாரிப்பு நிறுவனத்தில் ஒப்பந்தமானார். நடிப்புக் கல்லூரி வாசலை மிதிக்காமல் வந்தவர். இந்தத் துறையில் பெய்ஜிங், ஷாங்காய் நாடகக் கல்லூரிகளில் படித்தவர்களே அதிகம் என்பதால் இது கவனிக்கத்தக்கது. அவருடைய நாயகிகள் எல்லோரும் வேலையை வேலையிலேயே கற்றவர்கள் என்று மேலே சொன்னேன். அவரும் அப்படியே.

முதல் பெரிய தொடர் 2003இல் வந்த 'யு குவான்யின்'. ஆங்கிலத்தில் 'காடஸ் ஆஃப் மெர்சி'. போதைப்பொருள் தடுப்புப் போலீஸ் பெண் அன் ஷின் ஆக நடித்தார். இயக்குநர் டிங் ஹெய், அவளைத் துரத்தும் கடத்தல்காரனாக பீட்டர் ஹோ. இந்த இரண்டு பெயரையும் மூன்றாம் படியில் பார்த்த தொடரின் பெயர் வரிசையில் கண்ட ஞாபகம் இருக்கிறதா? ஜோ யிங்கின் கதையை இயக்கியவர் அதே டிங் ஹெய். ஜோ யிங்கின் கணவர் வூ பின் ஆக நடித்தவர் அதே பீட்டர் ஹோ. 2003இல் ஒருவரையொருவர் அழித்தவர்கள் 14 ஆண்டுகள் கழித்துக் கணவன் மனைவியாக வருகிறார்கள். சீன ரசிகர்கள் இதைக் கொண்டாடியதற்கு அர்த்தம் இருக்கிறது. முழுத்தொடரும் பார்க்க நேரமில்லை என்றால் முதல் நாலைந்து பகுதியாவது பாருங்கள். 20 வயதில் இருந்த அந்தப் பெண்ணுக்கு இன்னும் உத்தி எதுவும் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் அப்போதே வந்துவிட்டது.

அடுத்து 2005இல் வந்த, ஆங்கிலத்தில் 'ஹேப்பினஸ் லைக் எ ஃப்ளவர்' என்பது போன்ற பெயர்களில் கிடைக்கும் தொடர். ராணுவக் கலைக்குழுவில் இருக்கும் நடனக்காரி டு ஜுவான். ராணுவக் கலைக்குழுவிலிருந்து வந்தவருக்கே அந்த வேடம். இந்தத் தொடரில் உடன் நடித்த டெங் சாவ் பிற்காலத்தில் அவர் கணவரானார். இருவருக்கும் இரண்டு குழந்தைகள். 'நியூ ஷாங்காய் பண்ட்' 2007இல் வந்தது, ஹுவாங் ஷியாவ்மிங்குடன். பழைய ஷாங்காய் பிடிக்குமென்றால் பாருங்கள், மற்றபடி கட்டாயமில்லை.

ஆனால் 'ஆன்ட்டி டுவோஹே'யைத் தவறவிடாதீர்கள். யான் கெலிங்கின் நாவல். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானியர்கள் ஓடியபோது சீனாவில் சிக்கிக்கொண்ட ஒரு ஜப்பானியப் பெண், ஒரு சீனக் குடும்பத்தில் பிள்ளை பெற்றுக் கொடுப்பதற்காக வாங்கப்படுகிறாள். பிறகு அந்த வீட்டுச் சித்தி என்ற பெயரில் தன் பிள்ளைகளுக்கு நடுவிலேயே வாழ்கிறாள். அவளுக்கு மொழி தெரியாது. பேச்சு இல்லாமல் குனிந்து வணங்கியும், தரையைத் துடைத்தும், ஓரக்கண்ணால் பார்த்தும் மட்டுமே ஒரு வாழ்க்கையை நமக்குச் சொல்ல வேண்டும். ஜென் ஹுவானுக்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: இன்றைய ஷாங்காய்க்கு வாருங்கள்

அரண்மனையும் பட்டும் அலுத்துவிட்டால் இவை உடனே தெம்பு தரும்.

ஊரடங்கு நாட்களில், 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'அன் ஜியா', வீட்டுத் தரகு அலுவலகக் கதை. 'ஐ வில் ஃபைண்ட் யூ எ பெட்டர் ஹோம்' என்று தேடினால் வரும். மூலம் ஒரு ஜப்பானியத் தொடர். ஃபாங் ஸ்ஜின் விற்பனையில் கெட்டிக்காரி, சிரிக்கத் தெரியாதவள். ஆரம்பத்திலேயே ஒரு வீடு வரும், விமான ஓடுபாதை போல நீண்டு குறுகியது, யாரும் வாங்காமல் கிடப்பது. வயிற்றில் பிள்ளையோடு வீடு தேடும் ஒரு மருத்துவருக்கு அதை விற்க ஃபாங் ஸ்ஜின் எடுத்துக்கொள்ளும் பாடு இருக்கிறதே, அதைப் பார்த்தாலே தொடர் உங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குடும்பம் எப்படி நெருக்கியடித்து வாழ்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வீட்டின் உள்ளே மாற்றிக் காட்டுகிறாள். ஷாங்காயில் வீட்டு விலை ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பது இந்தத் தொடரில் கதைக்குக் கதை தெரியும். மகளிடம் விடாமல் பணம் கேட்கும் அம்மா வரும் காட்சிகளில் மனது கனத்துப்போகும். 53 பகுதி.

'தி ஐடியல் சிட்டி' 2021இல் வந்தது, 40 பகுதி. தொடர்களை 40 பகுதிக்குள் முடிக்கும்படி ஒளிபரப்பு நிர்வாகம் 2020இல் அறிவுறுத்திய பிறகு வந்தவற்றில் ஒன்று, அதனால் சதை குறைவு. கட்டுமானச் செலவு மதிப்பீட்டாளர் சு ஷியாவ். தன் மேல் சுமத்தப்பட்ட பழியால் வேலையும் கல்யாணமும் ஒரே சமயத்தில் கை நழுவுகின்றன. வேறு குழுமத்தின் துணை நிறுவனம் ஒன்றில் கீழிருந்து தொடங்குகிறாள். அலுவலக அரசியலை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தொடர்கள் குறைவு. கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார், யார் அனுப்பிய கோப்பு யார் மேசையில் தங்கிவிடுகிறது என்பதெல்லாம் சிங் அரண்மனைக்குச் சற்றும் குறைந்ததில்லை. தலைவராக வரும் யு ஹெவெய்க்கும் சுன் லீக்கும் இடையிலான காட்சிகள் இருவரும் அனேகமாகக் குரலே உயர்த்தாமல் நடப்பவை. மூன்று நாலு வருடம் வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தொடர் நெருக்கமாக இருக்கும். ஐடி, கட்டுமானத் துறை நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வரலாற்றுக் கதையே ஒத்துவராதவர்கள் மூன்றாம் படியைத் தாண்டி நேரே இங்கே வந்தாலும் குற்றமில்லை.

இளம் அம்மாக்களுக்கு 2013இல் வந்த 'ஹாட் மாம்'. லேசானது, வேகமானது, ஜாங் யீ கணவராக நன்றாகச் செய்திருப்பார்.

ஏழாம் படி: விருப்பம் இருந்தால் மட்டும் மி யுவே

ஜென் ஹுவானுக்குப் பிறகு அதே இயக்குநரும் அதே நடிகையும் 2015இல் சேர்ந்து தந்தது 'தி லெஜண்ட் ஆஃப் மி யுவே', 81 பகுதி. சீனா பல நாடுகளாகப் பிரிந்து கிடந்த, 'போரிடும் நாடுகளின் காலம்' எனப்படும் பழங்காலத்தில் சூ நாட்டிலிருந்து சின் நாட்டுக்குப் போய், மகனை அரசனாக்கித் தானே ஆட்சியை நடத்திய பேரரசித் தாய் ஷுவானின் கதை. சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்குக்கு எள்ளுப்பாட்டி முறை. இதற்காகத்தான் 2016இல் ஷாங்காய்த் தொலைக்காட்சி விழாவின் வெண்மக்னோலியா விருதைச் சிறந்த நடிகையாக வாங்கினார்.

விருது கிடைத்தது என்றாலும், இதை முதலில் பார்க்காதீர்கள். முதல் சில பகுதிகளில் குழந்தை நட்சத்திரம்தான் வரும். நடுவில் கதை நீர்த்துப்போகும் இடங்கள் நிறைய. ஜென் ஹுவானை மனதில் வைத்துக்கொண்டு பார்த்த சீன ரசிகர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் கடைசி இருபது பகுதிகளில், அமைச்சர்களும் தளபதிகளும் நிறைந்த அவையில் மி யுவே தனியாக நின்று பேசும் காட்சிகள் உண்டு. அதுவரை சுன் லீயிடம் பார்த்த அடக்கம் எல்லாம் போய், உரத்து, உடம்பு முழுவதும் பேசுவார். அவரை ஏற்கனவே நேசிப்பவர்களுக்கு அது பரிசு.

படங்களும் புதிய தொடர்களும்

சினிமாவில் அவர் அதிகம் நடித்ததில்லை. இரண்டை மட்டும் பாருங்கள். ஜெட் லீயின் 'ஃபியர்லெஸ்', 2006, அதில் கண் தெரியாத கிராமத்துப் பெண்ணாகக் கொஞ்ச நேரமே வருவார். ஜாங் யிமோவின் 'ஷேடோ', 2018, அதில் கணவர் டெங் சாவ் இரட்டை வேடத்தில். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக மைத்தீட்டு ஓவியம் போல எடுத்த படம். மழையில் குடையை ஆயுதமாக வைத்து அவர் அசையும் காட்சியில் பழைய நடனக்காரி வெளியே வந்துவிடுகிறார். தைவானின் தங்கக் குதிரை திரைப்பட விருதுக்குச் சிறந்த நடிகைப் பரிந்துரையும் இதற்குக் கிடைத்தது.

'தி ஐடியல் சிட்டி'க்குப் பிறகு நாலு வருடம் புதுத் தொடர் எதுவும் வரவில்லை. 2025இல் 'மன் ஹாவ் த ரென்ஷெங்' வந்தது. ஹு மன்லி, காப்பீட்டு விற்பனைக்காரி, வயது நாற்பதைத் தொடுகிறது, வீடும் வேலையும் ஒன்றாகச் சரிகின்றன. மறுபடியும் ஒரு தொழில், மறுபடியும் கீழிருந்து. இதை 'அன் ஜியா' பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அவர் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று பேசும் விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபாங் ஸ்ஜின் வீட்டைப் பார்க்கிறாள், ஹு மன்லி ஆளைப் பார்க்கிறாள்.